இரவில் யாரை எழுப்ப வேண்டும் என்பதைப் பதிவு வரி சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிச் சேவைகள் அடிக்கடி முடங்குவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சர்வர்களின் கொள்ளளவு, இணைய வேகம், ஆள் பற்றாக்குறை என்று பல காரணங்களைக் கட்டுரையாளர் பொறுமையாக அலசியிருந்தார். அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு காரணத்தைப் பற்றிச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். 16 ஆண்டுகளாக மென்பொருள் கண்காணிப்புப் பணியில், அதிலும் பெரும்பகுதி இரவு ஷிஃப்டில் இருந்து வருபவன் என்ற முறையில், நான் பார்த்த பெரிய கோளாறுகளில் பல, நேர்வதற்கு முன்பே மென்பொருளின் பதிவில் எங்கோ ஒரு வரியில் எழுதப்பட்டிருந்தன என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எழுதப்பட்டிருந்தும் ஒருவரும் பார்க்காமல் போனதற்குக் காரணம், அந்த வரியின் தலையில் இடப்பட்ட ஒற்றைச் சொல் தவறாக இருந்ததுதான்.

மென்பொருள் எதுவானாலும், தான் செய்வதையெல்லாம் ஒரு கோப்பில் வரி வரியாக எழுதிக்கொண்டே ஓடும். இதைத்தான் எங்கள் தொழிலில் 'லாக்' என்கிறோம். தமிழில் பதிவு என்று சொல்லலாம். ஒவ்வொரு வரியிலும் நேரம், எழுதிய பகுதியின் பெயர், செய்தி ஆகியவற்றோடு, அந்தச் செய்தி எவ்வளவு முக்கியமானது என்பதைக் காட்டும் தீவிரநிலையும் இருக்கும்: டிபக் (பிழை தேட உதவும் குறிப்பு), இன்ஃபோ (தகவல்), வார்னிங் (எச்சரிக்கை), எரர் (பிழை), கிரிட்டிக்கல் (மிக ஆபத்து) என்பன போன்ற சொற்கள். பெரிய சேவையொன்றில் ஒரே நாளில் கோடிக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடும் என்பதால் மனிதர் யாரும் அவற்றை முழுமையாகப் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் கண்காணிப்புக் கருவி வரிகளைச் சலித்து, எதைச் சேமிக்க வேண்டும், எதைத் திரையில் சிவப்பாகக் காட்ட வேண்டும், எதற்காகத் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் கைப்பேசியை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பவரோ, பகலில் நிரல் எழுதும்போது, பெரும்பாலும் இரண்டு விநாடிக்கு மேல் யோசிக்காத ஒரு பொறியாளர். அதைப் படிப்பவர், பல மாதங்கள் கழித்து, முன்னவரை ஒருமுறைகூடச் சந்தித்திராத, அரைத் தூக்கத்தில் எழுந்து வந்த இன்னொருவர்.

இந்த முறை புதியதன்று. 1980-களில் அமெரிக்காவின் பெர்க்லியில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், எரிக் ஆல்மன் என்பவர் 'சென்ட்மெயில்' என்னும் மின்னஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கிய 'சிஸ்லாக்' என்ற பதிவு முறையிலிருந்து எட்டுப் படிநிலைகள் பரவின. 0 என்றால் எமர்ஜென்சி; அடுத்தடுத்து அலர்ட், கிரிட்டிக்கல், எரர், வார்னிங், நோட்டீஸ், இன்ஃபர்மேஷனல்; கடைசியாக 7 என்றால் டிபக். இன்றும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவே இந்த எட்டு நிலைகளில்தான் பேசுகிறது. 2001-இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்திலும், 2009-இல் ஆர்எஃப்சி 5424 என்ற ஆவணத்திலும் இவை எழுத்தில் வந்தன. பிந்தைய ஆவணத்தில் தரப்பட்டுள்ள விளக்கங்களை ஒருமுறை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். எமர்ஜென்சி என்பதற்கு அமைப்பையே பயன்படுத்த முடியாத நிலை என்றும், அலர்ட் என்பதற்கு உடனே நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்றும் விளக்கம் தரப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் படிப்பவருக்கு ஏதோ ஒன்றைச் சொல்கின்றன. ஆனால் கிரிட்டிக்கல் என்பதற்குக் கிரிட்டிக்கலான நிலை, எரர் என்பதற்கு எரர் நிலை, வார்னிங் என்பதற்கு வார்னிங் நிலை என்றே எழுதப்பட்டுள்ளது. சொல்லுக்கு அதே சொல்லைப் பொருளாகத் தரும் அகராதியை வைத்துக்கொண்டு எதைப் புரிந்துகொள்வது? தீவிரநிலை என்பது ஆளுக்கு ஆள் மாறக்கூடியது, ஆகவே அனுப்புபவர்கள் எல்லோரும் ஒரே பொருளில்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பெறுபவர் கருதிவிடக்கூடாது என அதே ஆவணத்தின் பின்னிணைப்பு ஒப்புக்கொள்ளவும் செய்கிறது. நேர்மையான ஒப்புதல், ஆனால் அந்தப் பின்னிணைப்பைப் படித்த பொறியாளர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

அதன்பின் வந்த ஒவ்வொரு நிரல்மொழியும் தனக்கென ஓர் ஏணியைச் செய்துகொண்டது. ஜாவா மொழியின் உள்ளமைந்த பதிவு முறையில் சிவியர் (மிகக் கடுமை) முதல் ஃபைனஸ்ட் (மிக நுண்ணிய விவரம்) வரை ஏழு நிலைகள் உள்ளன. பைத்தான் மொழியில் டிபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. சிஸ்லாக்கில் எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். பைத்தானில் எண் கூடக் கூட ஆபத்து அதிகம். ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்குப் பதிவுகளை மாற்றும்போது, 'இந்த எண்ணுக்கு மேற்பட்டவற்றை மட்டும் அனுப்பு' என்று எழுதப்பட்ட ஒரு வடிகட்டி, தேவையற்றதையெல்லாம் அனுப்பிவிட்டு அவசரமானதையெல்லாம் தடுத்து நிறுத்தியதை நான் ஒருமுறை கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

என் பணிவாழ்வில் மறக்க முடியாத ஓர் இரவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது நான், கட்டணங்களைப் பெற்று வங்கிகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் இரவுக் கண்காணிப்பில் இருந்தேன். எங்கள் முன் இருந்த பெரிய திரையில் எரர் வரிகள் சிவப்பில் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். பத்துக்கு ஒன்பது, வாடிக்கையாளர் ஓடிபி எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்தார் என்பதாகவே இருந்தது. எண்ணைத் தவறாகத் தட்டுவது வாடிக்கையாளரின் இயல்பு. அதைக் கண்டுபிடித்து மறுத்தது மென்பொருள் தன் கடமையைச் சரியாகச் செய்ததற்கு அடையாளம். அதை எரர் என்று எழுத எந்த நியாயமும் இல்லை. இரண்டாம் வாரத்திலிருந்து நானும் மற்றவர்களைப் போலவே சிவப்பைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அந்த இரவு 2 மணிக்கு மேல், திரையின் ஓரத்தில், யாரும் கவனிக்காத வெள்ளை எழுத்தில், இன்ஃபோ என்ற தலைப்போடு ஒரு வரி வந்தது: 'ஒப்புதல் வரவில்லை, 5 முயற்சி முடிந்தது, அடுத்த பணி தொடர்கிறது.' அதன் பொருள், ஒருவருடைய கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டுவிட்டது, சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை, இனி மென்பொருள் முயலவும் போவதில்லை என்பது. விடியும்வரை அதே வரி பல நூறு முறை வந்தது. காலையில் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு முதலில் அழைத்தவர், மகளின் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணத்துக்கு அன்றே கடைசி நாள் என்று சொல்லி அழுத ஒரு தந்தை. அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் பின்னர் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவருடைய பணத்தைத் திருப்பிச் சேர்க்க நான்கு நாட்கள் ஆயின.

அந்த வரியை ஏன் இன்ஃபோ என்று எழுதினீர்கள் என்று அதை எழுதிய இளம் பொறியாளரிடம் கேட்டோம். அவர் மறைக்கவில்லை. ஒவ்வொரு குழுவின் மென்பொருளும் எத்தனை எரர் வரிகளை எழுதியது என்பதை மாதந்தோறும் எண்ணி, அதிகம் எழுதிய குழுவைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது அந்த நிறுவனத்தின் வழக்கமாக இருந்தது. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று மேலாளர் வற்புறுத்தியபோது, தவற்றைத் திருத்துவதைவிட அதன் பெயரை மாற்றுவது எளிதாக இருந்திருக்கிறது. அந்த இளைஞரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். காய்ச்சல்காரர்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னால் வெப்பமானியை ஒளித்துவைக்கத்தான் தோன்றும். இதற்கு நேர்எதிரான அழுத்தமும் உண்டு. பின்னால் ஏதாவது நடந்தால் 'நான் அப்போதே எரர் என்று எழுதியிருந்தேனே' என்று தப்பித்துக்கொள்ள, சந்தேகமானதையெல்லாம் உயர்ந்த நிலையில் எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு அழுத்தங்களும் ஒரே நிறுவனத்தில் சேர்ந்து இயங்கும்போது, தீவிரநிலை என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போய்விடுகிறது.

அச்சமோ அழுத்தமோ இல்லாத இடத்திலும் தவறு நேர்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நிரலின் அடியாழத்தில் உள்ள ஒரு சிறு பகுதி, ஒரு கோப்பைத் திறக்க முயன்று, கோப்பு இல்லை என்று அறிகிறது. அது பெரிய விபத்தா, இயல்பான நிகழ்வா என்பது அந்தப் பகுதிக்குத் தெரியாது; அதை அழைத்த மேற்பகுதிக்குத்தான் தெரியும். ஆனாலும் அடிப்பகுதி முந்திக்கொண்டு எரர் என்று எழுதிவிட்டு, தவற்றை மேலே அனுப்புகிறது. மேலே உள்ளதும் எரர் என்று எழுதிவிட்டு இன்னும் மேலே அனுப்புகிறது. ஐந்து அடுக்குகள் இருந்தால் ஒரே தவறு ஐந்து எரர் வரிகளாகிவிடும். உச்சியில் உள்ள அடுக்கு அதைச் சரியாகச் சமாளித்து, வாடிக்கையாளருக்கு எந்தக் குறையும் இல்லாமல் வேலையை முடித்திருந்தாலும்கூட அந்த ஐந்து வரிகளும் அப்படியே நிற்கும். விளைவு இன்னது என்று அறிந்த இடத்தில், ஒரே ஒருமுறை எழுத வேண்டும் என்பது மிக எளிய விதி. அதை நான் ஒரு கல்லூரிப் பாடத்திலும் பார்த்ததில்லை.

இது ஏதோ பணம் சிக்கிக்கொள்ளும் விவகாரம் மட்டும்தான் என்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை, கனடாவில் தயாரான 'தெராக்-25' என்னும் புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அந்த இயந்திரத்தின் மென்பொருள், கோளாறுகளை இரண்டு வகையாகப் பிரித்திருந்தது. கடுமையானது என்றால் சிகிச்சையை நிறுத்தி, இயந்திரத்தை முழுவதுமாக மீண்டும் தொடங்கச் சொல்லும். இலேசானது என்றால் சிகிச்சையைச் சற்றே இடைநிறுத்தும். 'பி' என்ற ஒரு விசையை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். 1986 மார்ச்சில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டைலர் என்னும் ஊரில், இயந்திரத்தை இயக்கியவர் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிவிட்டு, உடனே விரைந்து திருத்தினார். திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. கூடவே இடைநிறுத்தம் என்ற அறிவிப்பும் வந்தது. அந்த 54 என்ன என்பதற்கு இயக்குநரின் கையேட்டில் விளக்கம் இல்லை. அத்தகைய இடைநிறுத்தங்களை நாள்தோறும் பார்த்துப் பழகிய அவர், வழக்கம்போல 'பி' விசையை அழுத்தினார். அறைக்குள் இருந்த நோயாளிக்கு, 180 ராட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) செல்ல வேண்டிய இடத்தில் பல்லாயிரம் ராட் சென்றுவிட்டதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். சில மாதங்களில் அவர் இறந்தார்.

அந்த இயந்திரத்தின் அடிப்படைக் கோளாறு வேறு. விரைந்து திருத்தப்பட்டதை மென்பொருள் சரியாக உள்வாங்கவில்லை என்பதும், முந்தைய இயந்திரங்களில் இருந்த வன்பொருள் தடுப்புகள் இதில் நீக்கப்பட்டிருந்தன என்பதும் பலரும் எழுதியவை. என் போன்ற கண்காணிப்பாளனின் மனத்தை உறுத்துவது இன்னொன்று. ஏதோ சரியில்லை என்று அந்த மென்பொருளுக்குத் தெரிந்திருந்தது. அது வாய் திறந்து சொல்லவும் செய்தது. ஆனால் 'தொடரலாம்' என்ற நிலையில் சொன்னது. உயிர் போகும் செய்தியும் ஒன்றுமில்லாத செய்தியும் ஒரே குரலில் வந்ததால், கேட்டவருக்கு வேறுபாடு தெரியவில்லை. அந்த இயக்குநர் மீது பழி போட எனக்கு மனம் வரவில்லை. நானும் இரண்டாம் வாரத்தில் சிவப்பைப் பார்க்காமல் இருக்கப் பழகியவன்தான்.

எல்லாவற்றையும் உயர்ந்த நிலையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை விபத்தைச் சொல்லலாம். 1994 ஜூலை 24 அன்று இடிமின்னலுக்குப் பின் தொடங்கிய கோளாறு, சில மணி நேரத்தில் வெடிப்பில் முடிந்தது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் ஆலையை இயக்கிய பணியாளர்கள் இருவரின் முன் 275 எச்சரிக்கைகள் வந்து விழுந்ததாக பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய விசாரணை பதிவு செய்தது. ஆலையில் அமைக்கப்பட்டிருந்த 2,040 எச்சரிக்கைகளில் 87 சதவீதம் உயர் முன்னுரிமை என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தன. அந்த விபத்துக்குப் பிறகு தொழிற்சாலை எச்சரிக்கைகளுக்கென 1999-இல் வெளிவந்த வழிகாட்டி, உயர் முன்னுரிமை சுமார் 5 சதவீதமும், நடுத்தரம் 15 சதவீதமும், தாழ்ந்தவை 80 சதவீதமும் இருக்கலாம் என்று அளவு சொன்னது. வேதியியல் ஆலைக்காரர்கள் வெடிப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இந்த விகிதத்தை மென்பொருள்காரர்களாகிய நாம் இன்னும் கேள்விப்படக்கூட இல்லை.

எவரும் படிக்காத தாழ்ந்த நிலையில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் பங்குச்சந்தையில் வணிகம் செய்த நைட் கேபிட்டல் நிறுவனம் சான்று. 2012 ஆகஸ்ட் 1 அன்று காலை 8 மணி தொடங்கி, சந்தை திறந்த 9.30 மணிக்குள், அதன் மென்பொருள் ஒரு பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியது. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்படாதவை என்பதால் ஊழியர்கள் அவற்றைப் பொதுவாகப் பார்ப்பதில்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தது. சந்தை திறந்து 45 நிமிடங்களில் 46 கோடி டாலர் அளவுக்கு நட்டம் ஏற்பட்டு, அந்த நிறுவனம் தனித்து நிற்க முடியாமல் போனது. 97 முறை சொல்லப்பட்டும் ஒருவர் காதிலும் விழவில்லை.

இதற்கெல்லாம் வழி என்ன என்று கேட்டால், அந்த வழி நம் வீட்டுத் தொலைக்காட்சியில் மழைக்காலம்தோறும் வருகிறது என்பேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. மழையின் அளவு அவற்றுக்குப் பின்னால் இருந்தாலும், நிறத்தின் பொருள் செயலைக் கொண்டே சொல்லப்பட்டுள்ளது: பச்சை என்றால் எதுவும் செய்ய வேண்டியதில்லை, மஞ்சள் என்றால் தகவல்களைக் கவனித்துவர வேண்டும், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்க வேண்டும். ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கும், மீனவர் படகை இழுத்துக் கட்டுவதற்கும் அது உதவுகிறது. சொல்பவரின் பதற்றத்தை அளக்காமல், கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அளக்கிறது. மென்பொருளின் தீவிரநிலையும் இப்படித்தான் வரையறுக்கப்பட வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

இப்போது நான் பணிபுரியும் குழுவில் நான்கே நிலைகளை வைத்திருக்கிறோம். எரர் என்றால், இந்த நேரமே, இரவானாலும், ஒருவர் எழுந்து வந்து கையால் ஏதாவது செய்ய வேண்டும். வார்னிங் என்றால், நாளைக்கு அலுவலக நேரத்தில் ஒருவர் பார்க்க வேண்டும். இன்ஃபோ என்றால், யாரும் எதுவும் செய்ய வேண்டாம், பின்னால் கணக்குப் பார்க்கத் தேவைப்படும். டிபக் என்றால், நிரலை எழுதியவரின் சொந்தக் குறிப்பு, புரொடக்ஷனில், அதாவது மக்கள் பயன்படுத்தும் நேரடிச் சேவையில், மூடியிருக்க வேண்டும். மறுமுயற்சியில் சரியாகிவிட்ட தவறு இன்ஃபோ. எல்லா முயற்சிகளும் தீர்ந்து பணம் நடுவழியில் நின்றால் எரர். எரர் என்று எழுதுபவர், அதே வரியில், செய்ய வேண்டியது என்ன என்பதையும் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அது எரர் இல்லை என்று நிரலைச் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். அன்று வெள்ளை எழுத்தில் வந்த அந்த வரியை இன்று எழுதினால் இப்படி எழுதுவோம்: 'எரர். வாடிக்கையாளர் கணக்கில் பற்று வைக்கப்பட்டது, வங்கி ஒப்புதல் 5 முயற்சிக்குப் பின்னும் வரவில்லை. மறுமுயற்சி நிறுத்தப்பட்டது. வங்கியின் பரிவர்த்தனைக் கோப்புடன் ஒப்பிட்டுப் பணத்தைத் திருப்பி வரவு வைக்கவும்.' இதை எழுத அரை நிமிடம் கூடுதலாக ஆகும்.

நம் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 10-ஆம் எண் கூண்டு என்றாலே கடற்கரை ஊர்களில் பெரியவர்களின் முகம் மாறிவிடும். ஆனால் அதற்கும் மேலே 11-ஆம் எண் ஒன்று இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. புயல் எச்சரிக்கை மையத்துடனான தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். புயல் எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலையை, புயலுக்கும் மேலான படியில் வைத்த அந்த அறிவு மென்பொருள் உலகில் எந்த ஏணியிலும் இல்லை. பதிவு வரிகள் வராமல் நின்றுவிட்டால், எங்கள் திரை அமைதியாகவும் பச்சையாகவும் இருக்கும். எல்லாம் நலம் என்றே தோன்றும். 2003 ஆகஸ்ட் 14 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநில மின்நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2.14 மணிக்குப் பிறகு எச்சரிக்கை மென்பொருள் ஒரு நிரல் பிழையால் முடங்கிப்போனது. எச்சரிக்கை வரவில்லை என்பதற்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. மின்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்துகொண்டிருந்ததை இயக்குநர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அறியாமல் இருந்தார்கள். மாலை 4 மணி கடந்த சிறிது நேரத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினர். பேச வேண்டிய மென்பொருள் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் அதையே உச்ச நிலை எச்சரிக்கையாகக் கொள்ளும் ஏற்பாடு, நம் நாட்டுக் கண்காணிப்பு அறைகள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்.

டிபக் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் திறந்துவைத்தால் மென்பொருள் தன் வயிற்றில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடும். வாடிக்கையாளரின் கடவுச்சொல், அட்டை எண் உட்பட. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம், கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் தன் உட்பதிவு ஒன்றில் எழுதப்பட்டுவிட்டன என்று அறிவித்து, 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டியது. நம் நாட்டில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் 'செர்ட்-இன்' (CERT-In) என்ற அரசு அமைப்பு, 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவில், கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று விதித்துள்ளது. நல்ல விதி. ஆனால் எதை எந்த நிலையில் எழுதுவது என்ற ஒழுங்கு இல்லாத நிறுவனம், 180 நாள் குப்பையையும் 180 நாள் இரகசியங்களையும் ஒரே கிடங்கில் பூட்டிவைத்திருக்கும். ஒரு நாள் அத்துமீறல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற அதே உத்தரவின் இன்னொரு விதியை அந்தக் குப்பையைக் கிளறிக்கொண்டு எப்படி நிறைவேற்றுவார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு இடங்களுக்கு என் வேண்டுகோளை வைக்கிறேன். முதலாவது, பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு. ஆய்வக வகுப்பில் மாணவர்கள் நிரல் சரியான விடையைத் தருகிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் வாங்குகிறார்கள். வேலைக்கு வரும் முதல் நாள் அவர்களிடம் பைத்தானில் ஒரு இன்ஃபோ வரி எழுதச் சொன்னால், திரையில் ஒன்றும் வரவில்லையே என்று திகைக்கிறார்கள். வார்னிங் நிலைக்குக் கீழுள்ளவற்றை அந்த மொழி இயல்பாகவே காட்டாது என்பதைக்கூட யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு மாணவர் எழுதிய பதிவுக் கோப்பை மட்டும் இன்னொரு மாணவரிடம் கொடுத்து, நிரலைப் பார்க்காமல், என்ன கோளாறு நடந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரே ஒரு பயிற்சியை ஒவ்வொரு பருவத்திலும் வைத்தால் போதும். அடுத்தவர் படிப்பதற்காக எழுதுகிறோம் என்ற உணர்வு அதில் தானாக வந்துவிடும்.

இரண்டாவது, பொதுமக்களுக்கான மென்பொருளை வெளியாரிடம் கொடுத்துச் செய்து வாங்கும் அரசுத் துறைகளுக்கும் கூட்டுறவு நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும். ஒப்பந்தப்புள்ளிகளில் திரை எப்படி இருக்க வேண்டும், எத்தனை விநாடியில் திறக்க வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவற்றோடு ஒரே ஒரு பக்கம் சேர்க்கட்டும்: மென்பொருள் பயன்படுத்தும் ஒவ்வொரு தீவிரநிலைக்கும், அது வந்தால் யார், எவ்வளவு நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்பதை ஒப்பந்ததாரர் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும், பதிவு வருவது நின்றுபோனால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும், எரர் வரிகளின் எண்ணிக்கையைக் காட்டிக் கட்டணத்தைக் குறைப்பதோ கூட்டுவதோ கூடாது. அந்தப் பக்கத்தை அச்சிட்டு, இரவுப் பணியாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.